தீப்பெட்டியைக் கொட்டி எண்ணுங்கள்

வடிவமைப்பு: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒருவர், தினமும் கையில் படுகிற ஒரு பொருளை வைத்துத் தகவல் சுவரொட்டி வரிசை செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார். நான் தீப்பெட்டியை உதாரணம் காட்டி நாலு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை, அதில் ஒன்று என் காதைத் திருகுகிற கடிதம். அதனால் இந்த மாதம் முழுக்கத் தீப்பெட்டிதான். லோகோ, கல்யாணப் பத்திரிகைக் கேள்விகள் எல்லாம் அடுத்த மாதம்.

நான் மூன்றாம் ஆண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறேன். அன்றாடப் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தகவல் சுவரொட்டிகள் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வேலை பார்க்கிறார், அதனால் தீப்பெட்டியையே எடுத்துக்கொண்டேன். 40 தகவல் சேர்த்து, படமும் வைத்து முதல் சுவரொட்டியைக் காட்டினேன். ‘பாடப் புத்தகத்தைக் கத்தரித்து ஒட்டின மாதிரி இருக்கு’ என்று சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது? – மாணவி, சாத்தூர்

முதலில் அந்த 40 தகவலையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி பீரோவுக்குள் வையுங்கள். அப்புறம் கடைக்குப் போய் ஒரே கம்பெனித் தீப்பெட்டி 10 வாங்குங்கள். வீட்டில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டி எண்ணுங்கள். லேபிளில் எத்தனை என்று போட்டிருக்கிறது, உள்ளே எத்தனை இருக்கிறது, மருந்தில்லாத மொட்டைக் குச்சி எத்தனை, தலையோடு தலை ஒட்டின இரட்டைக் குச்சி எத்தனை, ஒடிந்தது எத்தனை. ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் கையில் வரும் 10 எண்கள் வேறு யாரிடமும் கிடையாது. உங்கள் 40 தகவல்களோ எல்லாரிடமும் இருக்கின்றன. சார் சலித்துக்கொண்டது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த 10 எண்களையும் சும்மா ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாக வையுங்கள். லேபிள் சொல்லும் எண்ணுக்கு ஒரு செங்குத்துக் கோடு. சில புள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கம் விழும், சில அந்தப் பக்கம். அவ்வளவுதான், ஒரு சுவரொட்டி முடிந்தது. பார்க்கிற ஆளுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும், ‘எங்க வீட்டுப் பெட்டியில எத்தனை இருக்கும்?’ அந்தச் சந்தேகத்தைக் கிளப்பினால் போதும், மிச்ச வேலையை அவர் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்வார்.

மற்ற நாலுக்கும் இதே வழி. டீக்கடையில் நிற்கிற ஒருவர் தீப்பெட்டியைப் பார்த்து என்ன கேட்பார் என்று யோசியுங்கள். இது எப்படிப் பற்றுகிறது? ஏன் பெட்டியில் உரசினால் மட்டும் பற்றுகிறது? எங்கள் அப்பா காலத்தில் என்ன விலை? இதைச் செய்கிற கை யாருடையது? ஒரு சுவரொட்டிக்கு ஒரு கேள்வி. இரண்டு கேள்வியை ஒரே தாளில் வைத்தால் இரண்டுக்கும் பாதிப் பதில்தான் கிடைக்கும். இப்போது பீரோவைத் திறந்து கவரைப் பிரியுங்கள். இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்குப் பதிலாக இருக்கும் தகவல் மட்டும் உள்ளே வரலாம், மற்றது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே.

பெரிய எண்ணைக் கண்ணால் பார்க்க வைப்பது எப்படி என்று உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன், எனக்கே பிடித்துப்போனது. தீப்பெட்டி வியாபாரத்தில் ஒரு பண்டல் என்றால் 600 பெட்டி (அம்மாவிடம் கேட்டுச் சரிபாருங்கள்). பெட்டிக்கு 50 குச்சி என்று வைத்தால் 30,000 குச்சி. இந்த முப்பதாயிரத்தையும் ஒரே ஏ2 தாளில் வரைய முடியுமா? முடியும். ஏ2 தாள் 420க்கு 594 மி.மீ. நாலு பக்கமும் 2 செ.மீ. ஓரம் விட்டால் உள்ளே 380க்கு 554. ஒரு குச்சிக்கு 1 மி.மீ. அகலமும் 7 மி.மீ. உயரமும் ஒதுக்குங்கள். வரிசைக்கு 380 குச்சி, மொத்தம் 79 வரிசை. பெருக்கினால் 30,020. கடைசி வரிசையின் ஓரத்தில் 20 குச்சிக்கான இடம் காலியாகக் கிடக்கும், சரியாக 2 செ.மீ. அகலம். அங்கே பொடி எழுத்தில் ‘30,000’ என்று எழுதுங்கள். நடுவில் எங்காவது ஒரே ஒரு குச்சியை மட்டும் எரிந்துபோனதாகக் கறுப்பாக்குங்கள். தலைப்பு மேல் ஓரத்துக்குள் அடங்கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் நெய்த துணி மாதிரி இருக்கும், கிட்டே வந்தால் குச்சி. கோட்டின் தடிமன் அரை மி.மீ., இடைவெளி அரை மி.மீ. நல்ல டிஜிட்டல் பிரிண்டில் இது வரும். ஃபிளெக்ஸில் போட்டீர்களானால் எல்லாம் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம்தான் கிடைக்கும், என்னைத் திட்டாதீர்கள்.

இன்னொன்று. ஐந்தும் ஒரே வரிசை என்று தெரிய வேண்டுமே என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே பார்டர், ஒரே பின்னணி நிறம் போடுவது சுலபமான வழி. அதைவிட, ஒவ்வொரு தாளிலும் கீழே இடது மூலையில் ஒரு தீப்பெட்டியை அதன் அசல் அளவில், மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து வையுங்கள். பார்க்கிறவர்களில் யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து தன் பெட்டியை எடுத்து அதன் மேல் வைத்துப் பார்ப்பார். கட்டாயம் நடக்கும். மேலே இருக்கும் படம் எத்தனை மடங்கு பெரிது, எத்தனை மடங்கு சிறிது என்பதற்கு அதுதான் அளவுகோல்.

தம்பி, 31 வருடம் தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்கும் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போன இதழில் ‘குச்சித் தலையில் இருக்கும் சிவப்பு பாஸ்பரஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தலையில் பாஸ்பரஸ் ஏது? படம் போடச் சொல்லிக் கொடுக்கிறவர் பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லிக் கொடுங்கள். – வாசகர், கோவில்பட்டி

தப்புதான் அண்ணாச்சி. தலை சிவப்பாக இருக்கிறது, பாஸ்பரஸுக்குப் பெயரிலேயே சிவப்பு இருக்கிறது, இரண்டையும் நானே முடிச்சுப் போட்டுவிட்டேன். தலையில் இருக்கிற சிவப்பு வெறும் சாயம். அதைப் பச்சையாக்கினாலும் கறுப்பாக்கினாலும் அப்படியேதான் பற்றும்.

மற்ற வாசகர்களுக்காக: குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கொஞ்சம் கண்ணாடித் தூள் மாதிரியான சங்கதிகள். சிவப்பு பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில். உரசும்போது அங்கிருந்து துளியூண்டு பாஸ்பரஸ் தலையிலிருக்கும் குளோரேட்டோடு சேர்ந்து பொறி கிளம்புகிறது, கந்தகம் பிடிக்கிறது, குச்சியில் ஏற்றியிருக்கும் மெழுகு தீயைக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது, கடைசியில்தான் மரம். பற்றுவதற்கு வேண்டிய இரண்டு பொருளையும் இப்படித் தனித்தனி இடத்தில் பிரித்து வைத்த யோசனைக்கு 1844இல் சுவீடனில் குஸ்தாஃப் எரிக் பாஷ் என்ற வேதியியலாளர் காப்புரிமை வாங்கினார். அதே நாட்டில் யோன்ஷோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரம் சகோதரர்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய குச்சிகளில் வெள்ளை பாஸ்பரஸ் தலையிலேயே இருந்தது. சுவரில் உரசினாலும் பற்றும், செருப்பில் உரசினாலும் பற்றும். செய்கிறவர்களுக்குத் தாடை எலும்பு அழுகிப்போகும். 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில் அந்தத் தாடை நோயும் பெரிய பேச்சாக இருந்தது. 1906இல் பெர்ன் நகரில் வெள்ளை பாஸ்பரஸுக்கு எதிராகச் சர்வதேச உடன்படிக்கை, 1913இல் இந்தியாவில் தடைச் சட்டம்.

அண்ணாச்சி திட்டியதில் எனக்கு ஒரு யோசனை கிடைத்தது, சாத்தூர் மாணவிக்கு அதை இலவசமாகத் தருகிறேன். ‘எப்படிப் பற்றுகிறது’ என்பதை ஒரு சுவரொட்டியாகச் செய்யாமல் ஜோடியாகச் செய்யுங்கள். ஒரு தாள் முழுக்கக் குச்சித் தலை, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, தாளின் வலது ஓரத்தை முட்டிக்கொண்டு நிற்கட்டும். இன்னொரு தாள் முழுக்கப் பட்டை, இடது ஓரத்திலிருந்து தொடங்கட்டும். குளோரேட் தலையில் மட்டும், பாஸ்பரஸ் பட்டையில் மட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டும்போது மட்டும், நடுக் கோட்டில் பாதிப் பாதியாக வரைந்த பொறி முழுசாகத் தெரிய வேண்டும். தனித்தனியே மாட்டினால் பற்றாது. ‘சேஃப்டி’ என்று லேபிளில் போட்டிருப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

தீப்பெட்டி விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனதைக் காட்ட, 2 ரூபாய்ப் பெட்டியை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தேன். விகிதம் கெடாமல் இருக்க அகலத்தையும் இரண்டு மடங்கு ஆக்கினேன். பார்க்கிற எல்லாரும் ‘என்னப்பா இவ்வளவு ஏறிடுச்சா’ என்கிறார்கள். எங்கே கோளாறு? – கிராஃபிக் டிசைனர், கோயம்புத்தூர்

விகிதத்தைக் காப்பாற்றப் போய் எண்ணைக் கெடுத்துவிட்டீர்கள். உயரமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு என்றால் பரப்பு நாலு மடங்கு. பெட்டியைக் கனமாக, மூன்று பக்கமும் தெரிகிற மாதிரி வரைந்திருந்தால் கண் அதை எட்டு மடங்காக எடுத்துக்கொள்ளும். விலை ஏறியது இரண்டே மடங்கு.

இந்த நோய்க்கு மருந்து நூறு வருடத்துக்கு முன்பே வந்தாயிற்று. 1925இல் வியன்னாவில் ஓட்டோ நாய்ராட் என்பவர், படிக்காத தொழிலாளிகளும் வந்து புரிந்துகொள்கிற மாதிரி சமூகம், பொருளாதாரம் பற்றி ஒரு அருங்காட்சியகம் ஆரம்பித்தார். அங்கே ஒரு கறாரான விதி: எண் பெரிதானால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படத்தைக் கூடுதல் எண்ணிக்கையில் வைக்க வேண்டும். சின்னங்களைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். பின்னாளில் இந்த முறைக்கு ஐசோடைப் என்று பெயர் வந்தது. அந்தக் குழுவில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் மாரி ரைடமைஸ்டர் (பிறகு நாய்ராடை மணந்து மாரி நாய்ராட் ஆனார்). அவர் வேலை புள்ளிவிவரக்காரருக்கும் ஓவியருக்கும் நடுவில் உட்கார்ந்து, எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று முடிவெடுப்பது. ‘உருமாற்றுபவர்’ என்கிற மாதிரி ஒரு பட்டமே இருந்தது அதற்கு. நம் ஊரில் அந்த வேலைக்குப் பெயரும் இல்லை, சம்பளமும் இல்லை.

சரி, தீப்பெட்டிக்கு வருவோம். சில்லறை விலை 1995 வரை 25 காசு, அந்த வருடம் 50 காசு ஆனது, 2007இல் 1 ரூபாய், 2021 டிசம்பர் 1ஆம் தேதி முதல் 2 ரூபாய். அலகாக 25 காசு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் காலத்துக்கு 1 நாணயம், அடுத்து 2, அடுத்து 4, அடுத்து 8. அடுக்கி வைத்தால் போதும், பெட்டியை ஊதிப் பெரிதாக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த 25 காசு நாணயமே 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போனது என்பதை ஓரத்தில் ஒரு வரியாகப் போடலாம்.

கோட்டு வரைபடமாகத்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 2007இல் ஒரு புள்ளி, 2021இல் ஒரு புள்ளி வைத்துச் சாய்வாக ஒரு கோட்டை இழுத்தீர்களானால், அந்தக் கோடு 2014இல் தீப்பெட்டி ஒன்றரை ரூபாய் என்று சொல்லும். அப்படி ஒரு விலை எந்தக் கடையிலும் இருந்ததில்லை. 14 வருடம் தரையோடு தரையாகக் கிடந்துவிட்டு ஒரே நாளில் செங்குத்தாக ஏறியது, ஆகவே வரைய வேண்டியது படிக்கட்டு. இந்த விஷயத்தில் ஏற்றத்தை விட அந்தத் தட்டையான 14 வருடம்தான் எனக்குக் கதையாகத் தெரிகிறது. மெழுகு ஏறியது, அட்டை ஏறியது, பாஸ்பரஸ் ஏறியது, கூலி ஏறியது, பெட்டி விலை மட்டும் நகரவில்லை. ஏன் என்பதற்கு என் ஊகம்: தீப்பெட்டி ஒரு நாணயத்துக்கு விற்கிற பொருள், ஒண்ணேகால் ரூபாய் என்று வைத்தால் கடைக்காரர் மிச்சச் சில்லறைக்கு மிட்டாய்தான் தர வேண்டியிருக்கும். அதனால் அடுத்த நாணயத்துக்குத் தாவும்வரை காத்திருந்தே ஆக வேண்டும். ஊகத்தைச் சுவரொட்டியில் போடாதீர்கள், படிக்கட்டை மட்டும் போடுங்கள், பார்க்கிறவர் தானே கேட்பார்.

ஒரு எச்சரிக்கை, பெட்டி விலைதான் இது. பெட்டிக்குள் குச்சி எண்ணிக்கை கூடிக் குறைந்திருந்தால் குச்சி விலைப் படம் வேறு மாதிரி வரும். 1 ரூபாய்க்கு 50 குச்சி என்றால் குச்சி 2 காசு. அதனால்தான் முதலில் கொட்டி எண்ணச் சொன்னேன்.

மூலப்பொருள்களை முப்பரிமாணப் பை சார்ட்டாக (துண்டு போட்ட வட்டமாக) போட்டால் எடுப்பாக இருக்குமா? – வாசகர், சேலம்

எடுப்பாக இருக்கும், புரியாது. 2021 விலை உயர்வு நேரத்தில் உற்பத்தியாளர்கள் 14 வகை மூலப்பொருள் என்று கணக்குச் சொன்னார்கள். 14 துண்டு போட்ட கேக்கை யாராலும் படிக்க முடியாது, அதைச் சாய்த்து வைத்தால் முன்னால் இருக்கிற துண்டு மட்டும் பெரிதாகத் தெரியும். 1984இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் ஆட்களை உட்கார வைத்துச் சோதித்தார்கள். ஒரே அடிக்கோட்டிலிருந்து கிளம்பும் நீளத்தைக் கண் நன்றாக ஒப்பிடுகிறது, கோணத்திலும் பரப்பிலும் தடுமாறுகிறது. நீளம் வேண்டும் என்றால் உங்கள் கையிலேயே குச்சி இருக்கிறதே.

எங்கள் சுவரொட்டியில் ‘பொட்டாசியம்’ என்பதில் கொம்பு கழன்று, புள்ளி வட்டத்தோடு வலப்பக்கம் போய் நின்றுவிட்டது. என் கணினியில் சரியாகத்தான் இருந்தது. அச்சடித்த பிறகுதான் பார்த்தோம். – வாசகர், மதுரை

ஆழ்ந்த அனுதாபங்கள். நானும் அனுபவித்தவன். பல வருடத்துக்கு முன் ஒரு கண்காட்சிக்காக 12 பேனல் ஒரு கடையில் கொடுத்து, திறப்பு விழா அன்று காலையில் வாங்கிப் பிரித்தால் ஒரு கொம்பு கூட அதனதன் இடத்தில் இல்லை. ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினோம், பசை காய்வதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, திறந்த கோப்பை அப்படியே கொடுத்தது நான்.

காரணம் இதுதான். யூனிகோடில் ‘பொ’ என்பது ப, அதற்கு அப்புறம் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் போடுவது மென்பொருளின் வேலை. இல்லஸ்ட்ரேட்டர் மாதிரியான மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது அந்த வேலையைச் செய்யாது. ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ என்று பத்தி அமைப்புக்குள் ஒளிந்திருக்கும், தேடிப் பிடியுங்கள். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் கடைக்கு அனுப்புமுன் எல்லா எழுத்தையும் அவுட்லைன் ஆக்கிவிட்டு, பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். திருத்துவதற்கு வேண்டிய அசல் கோப்பைத் தனியாகச் சேமிக்க மறக்காதீர்கள், அவுட்லைன் ஆக்கிய பிறகு அது எழுத்து இல்லை, வெறும் படம். கடையில் ‘எங்க ஃபாண்ட்ல அடிச்சுத் தரேன் சார்’ என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், மரியாதையாக.

அளவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் பலகைக்காரர்களிடம் ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: 10 அடி தூரத்திலிருந்து வசதியாகப் படிக்க 1 அங்குல எழுத்து. அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்கான கணக்கு. நம் ‘ணு’, ‘ஞி’, ‘ழூ’ எல்லாம் மேலும் கீழும் சுழித்துக்கொண்டு போகிறவை, அதே உயரத்தில் இன்னும் நிறைய வேலைப்பாட்டை அடைக்க வேண்டும். ஆகவே கொஞ்சம் பெரிதாக, வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். ஆங்கில வடிவமைப்பிலிருந்து வரி இடைவெளியை அப்படியே எடுத்தால் மேல் வரியின் உகரச் சுழி கீழ் வரியின் இகரக் கொண்டையில் போய் மாட்டிக்கொள்ளும்.

தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் வேலை பார்த்த கதையைச் சொல்லாமல் இப்படி ஒரு வரிசையை முடிக்கலாமா? சொன்னால், ‘எங்க ஊரைக் கேவலப்படுத்துறீங்க’ என்கிறார்கள். – பள்ளி ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்

சொல்லுங்கள் டீச்சர். எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அழுகிற குழந்தையின் புகைப்படம், அதன் மேல் சிவப்புக் கட்டத்தில் ஆச்சரியக்குறி, இது வேண்டாம். பார்க்கிறவர் ஒரு கணம் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார், ஊர்க்காரருக்குக் கோபம் வரும், இருவருக்குமே ஒன்றும் தெரியாமல் போகும்.

காலக்கோடு ஒன்று போடுங்கள். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தது முதல் புள்ளி. மானாவாரி பூமி, மழை கம்மி, காற்றில் ஈரம் கம்மி: விவசாயத்துக்குச் சாபமாக இருந்த அதே வறட்சி குச்சி காய்வதற்கு வரமானது. அதே கோட்டில் 1986, குழந்தைத் தொழிலாளர் சட்டம். அதே கோட்டில் 1996, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் சிவகாசித் தொழில்களை முன்வைத்து உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பெருமைக்கு ஒரு நிறம், வெட்கத்துக்கு ஒரு நிறம் என்று பிரிக்காதீர்கள். ஒரே கோடு, ஒரே எழுத்து அளவு. ஊர் தன் கதையை முழுசாகச் சொல்கிறது என்று ஆகிவிட்டால் கேவலம் எங்கிருந்து வரும்?

அப்புறம், இன்றைக்கு அந்த வேலையைச் செய்கிறவர்களை விட்டுவிடக் கூடாது. குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி அடைப்பது, லேபிள் ஒட்டுவது என்று ஒரு பெட்டி எத்தனை கை மாறுகிறது, அதில் எத்தனை கை பெண் கை. சாத்தூர் மாணவிக்கு இதில் யாருக்கும் கிடைக்காத வசதி, வீட்டிலேயே அம்மா இருக்கிறார். ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி அடைக்கிறார் என்று கேட்டு, அத்தனை பெட்டியை வரைந்து, அதற்கு அடுத்து அந்த ஒரு மணி நேரக் கூலியை நாணயமாக அடுக்குங்கள். கருத்து ஒன்றும் எழுத வேண்டாம். அம்மாவின் சம்மதம் வேண்டும், பெயரும் ஆபீஸ் பெயரும் வேண்டாம்.

நாங்கள் இதை நெருப்புப்பெட்டி என்போம், நீங்கள் தீப்பெட்டி என்கிறீர்கள். வரிசைக்குத் தலைப்பில் எதைப் போடுவது? – வாசகி, யாழ்ப்பாணம்

நீங்கள் செய்தால் நெருப்புப்பெட்டி, சந்தேகமே வேண்டாம். எங்கள் பக்கமே ஒரே சொல் கிடையாது, வத்திப்பெட்டி என்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. நான் செய்தால் தலைப்பு இருக்கிற இடத்தில் பெட்டியின் படத்தை மட்டும் வைத்துவிட்டு, கீழே மூன்று சொல்லையும் அடுத்தடுத்து எழுதுவேன். எந்த ஊர்க்காரர் வந்தாலும் தன் சொல்லை முதலில் படிப்பார்.

தீக்குச்சி எரிவதை நொடி நொடியாகக் காட்ட ஆசை. எரிகிற நேரத்துக்கு எங்கே புள்ளிவிவரம் கிடைக்கும்? – வாசகர், திருச்சி

உங்கள் போனில். ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 படம் என்று வைத்து, ஒரு ஸ்கேலுக்குப் பக்கத்தில் குச்சியைக் களிமண்ணில் நட்டு எடுங்கள். முதல் நொடியை மட்டுமே பிரித்தால் 240 படம் இருக்கும். பற்றுகிற வேலையெல்லாம் அதற்குள்ளேயே முடிந்துவிடும், மிச்ச நேரம் முழுக்க மரம் சும்மா எரிந்துகொண்டிருக்கும். ஆகவே சமமான இடைவெளியில் படங்களை அடுக்கினால் சுவாரசியமான பகுதி ஒரு ஓரத்தில் நசுங்கிவிடும். ஆரம்பத்தை விரித்து, அளவு மாறுகிற இடத்தில் ‘இங்கிருந்து நேரம் வேகமாக ஓடுகிறது’ என்று தெளிவாக எழுதுங்கள், எழுதாவிட்டால் ஏமாற்று வேலை. காற்று இல்லாத இடத்தில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள். ஹாஸ்டல் அறையில் வேண்டாம், வார்டன் என்னைத்தான் தேடி வருவார்.

ஐந்து கேட்டார்கள், எனக்கு நாலுதான் உருப்படியாக வந்திருக்கிறது. ஐந்தாவதாக ‘தீப்பெட்டி: சில சுவையான தகவல்கள்’ போட்டுவிடலாமா? – வேறொரு மாணவர், சென்னை

வேண்டாம். நாலை மாட்டிவிட்டு மதிப்பெண் குறைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது? சக டிசைனர்கள் எல்லாரும் ‘சூப்பர்’ என்கிறார்கள். – வாசகி, புதுச்சேரி

டிசைனரிடம் காட்டவே காட்டாதீர்கள், அவர்கள் ஃபாண்டைப் பார்ப்பார்கள். அந்தப் பொருளைத் தினமும் கையில் எடுக்கிற ஒருவரைப் பிடியுங்கள். பத்து நொடி காட்டுங்கள், மடக்கி வையுங்கள், ‘இதில் என்ன இருந்தது?’ என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள், அது ரொம்பக் கஷ்டம்.

இந்த மாதக் கடிதங்களுக்காக நானே ஒரு தாள் வரைந்து பார்த்தேன், அந்த அசல் அளவுப் பெட்டியை மூலையில் வைத்து. மடித்துக்கொண்டு போய்த் தெருமுனை டீக்கடைக்காரரிடம் நீட்டினேன். நாணய அடுக்கு, படிக்கட்டு எதையும் அவர் பார்க்கவில்லை. நேராக அந்த மூலைக்குப் போனார், அடுப்புப் பக்கத்தில் கிடந்த தன் பெட்டியை எடுத்து என் படத்தின் மேல் வைத்தார், அளவு சரியாக இருந்தது. அப்புறம் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘உரசுற பட்டைய எங்க சார் காணோம்?’ என்றார். மேல் முகத்தை மட்டும் வரைந்துவிட்டுப் பக்கவாட்டை விட்டிருந்தேன்.